இறகுப் பெட்டியும் கூறைச்சேலையும்

போன கிழமை ஒரு நண்பர் ரெலிபோன் எடுத்தார். இங்கே சுவிசில்தான், வேறு கன்ரோனில் இருக்கிறார். "மச்சான், நீ அந்த ஈ கட்டுற சாமான் எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டுக்கொண்டு திரியிறாயாம். என்ன பெட்டி வாங்கினனீ? எனக்கும் ஒண்டு வேணும்" என்றார். சொல்லத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த மனுசி, "உதை ஒருக்கா எழுதிப் போடுங்கோவன். கேக்கிற ஆக்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை" என்றா. அவ அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் அதிகம் நட்டப்பட்டது அவதான்.

ஈ கட்டுறது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் ட்றவுட் மீன் தின்பது பெரும்பாலும் பூச்சிகளை. தண்ணீருக்குள் கல்லுக்கடியில் இருக்கும் புழுப் பருவத்திலும் தின்னும், செட்டை முளைத்து மேலே வந்து மிதக்கும்போதும் தின்னும். அந்தப் பூச்சி மாதிரியே ஒன்றைச் சின்னத் தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல் கொண்டு கட்டி மீனை ஏமாற்றுவதுதான் வேலை. புழு குத்துவதில்லை, ஈயக்குண்டு கட்டி எறிவதில்லை. பாரம் எல்லாம் தூண்டில் கயிற்றிலேயே இருக்கும். ஈ கடுகளவு பாரமும் இல்லாமல் அதன் நுனியில் போகும்.

ஈயைக் கடையிலும் வாங்கலாம். ஆனால் இந்த நாட்டில் சிறு ஆறுகளில் ஒரு பின்னேரத்தில் நாலைந்து ஈ மரக்கிளைக்குப் போய்விடும். ஒன்று மூன்று, நான்கு பிராங் என்றால் எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கட்டப் பழகினேன் என்று மனுசியிடம் சொல்லியிருக்கிறேன். (கட்டத் தொடங்கிய பிறகு செலவு கூடியது என்பதை அவவே கண்டுபிடித்துவிட்டா.)

எனக்குப் பழக்கியவர் ஒரு கிழவர். றெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ரெஸ்ரோரன்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். அது 2012. நான் அப்போது கோப்பை கழுவுவதில் இருந்து சலாட் வெட்டுவதற்கு ஏறியிருந்த காலம். ரெஸ்ரோரன்ட் வேலை செய்பவர்களுக்கு 'சிம்மர்ஷ்ருண்ட' தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு விட்டு, பின்னேரம் ஐந்தரைக்குத் திரும்ப வரச் சொல்லும் இடைவெளி. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது, சும்மா இருக்க நேரம் கூட. நான் எமே ஆற்றங்கரையில் போய் இருப்பேன். ஒருநாள் அந்தக் கிழவர் அங்கே நின்று எறிந்துகொண்டிருந்தார். நான் ஒரு கல்லைப் பிரட்டி, அடியில் ஒட்டியிருந்த புழுவைப் பார்த்து "எபெமெரொப்ரெறா" என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் விலங்கியல் படித்தேன். 2007இல் அதை விட்டுவிட்டு வெளிக்கிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். படித்ததில் மிச்சமிருப்பது கொஞ்ச இலத்தீன் பெயர்கள். மேபிளை என்கிற இந்தப் பூச்சிக்கு, செட்டை முளைத்த பிறகு தின்ன வாய் வேலை செய்யாது. இணை தேடி, முட்டை போட்டுவிட்டுச் சாகும். பறக்கத் தொடங்கிய பிறகும் ஒருமுறை தோல் கழற்றுகிற ஒரே பூச்சியினம் அதுதான். இவற்றைப் படம் கீறிப் பெயர் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். உயிரோடு பார்த்தது எமே ஆற்றில்தான்.

கிழவரின் பெட்டி ஒரு பழைய சுருட்டுப் பெட்டி. அதற்குள் ஐந்தாறு சாமான்தான். இதைக் கவனித்துக் கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு செலவும் வந்தது.

சுவிசில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மீன்பிடி அனுமதி எடுக்க, 2009இல் இருந்து ஒரு அறிவுச் சான்றிதழ் வேண்டும். வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும். மீனை எப்படிப் பிடிப்பது, எப்படி உடனே கொல்வது, எந்த மீனை விட வேண்டும் எல்லாம் அதில் வரும். திரும்ப விடும் நோக்கத்தோடு பொழுதுபோக்குக்குப் பிடிப்பது சட்டப்படி குற்றம். எதிர்முள் உள்ள தூண்டிலும் சில விதிவிலக்குகள் தவிரத் தடை. வாழ்க்கையில் நான் முழுதாக எழுதி முடித்துச் சித்தியடைந்த கடைசிச் சோதனை அதுதான். ஊரில் சித்தப்பாவுக்குச் சொன்னபோது, "எங்கட ஆக்களுக்கு உது என்னத்துக்கடா?" என்றார். அந்த 'எங்கட ஆக்கள்' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எத்தனை இடப்பெயர்வு வந்தாலும் அந்தச் சாமான் மட்டும் தொலையவே இல்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

கட்டுவதற்கு என்னென்ன வேண்டும்? முள்ளைப் பிடித்து வைக்க ஒரு சின்ன வைஸ். நூல் சுருளைத் தாங்கும் பொபின் ஒன்றிரண்டு. நுனி கூரான கத்தரிக்கோல் ஒன்று, கம்பி வெட்ட மழுங்கியது ஒன்று. இறகின் நுனியைப் பிடிக்கும் சின்னக் கிளிப். கடைசி முடிச்சுப் போடும் கம்பிக் கருவி. ஒரு ஊசி. பிறகு முட்கள், மணிகள், செப்புக் கம்பி, நூல், வார்னிஷ். அதற்குப் பிறகுதான் தொல்லை பிடித்த பகுதி: சேவலின் கழுத்துத் தோல் இறகோடு, பெசன்ற் வால் இறகு, முயல் காது மயிர், மான் மயிர், மயில் இறகு, வாத்தின் பின்புற இறகு. இந்தக் கடைசி இறகு சுவிசுக்காரரின் பெருமை. வாத்துத் தன் செட்டைக்கு எண்ணெய் பூசும் சுரப்பியைச் சுற்றி முளைக்கிற மெல்லிய இறகு அது. 1920களில் ஜூரா மலைப்பக்கத்தில் அதைக் கொண்டு கட்டத் தொடங்கினார்கள். தண்ணீரில் தாழாது. (எங்கள் குசினிக்கு வாத்து உரித்துச் சுத்தமாகத்தான் வருகிறது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.)

என்னுடைய முதலாவது பெட்டி அந்த நீலநிற பிஸ்கற் பேணி. உங்கள் எல்லாருடைய வீட்டிலும் இருக்கும். திறந்தால் பிஸ்கற் இருக்காது, ஊசியும் நூலும் பொத்தானும் இருக்கும். செலவில்லை. வட்டமான பேணிக்குள் நீளமான இறகு மடிந்தது, நூலெல்லாம் ஒன்றோடொன்று சிக்கியது. அதைக்கூடப் பொறுத்துக் கொண்டேன். 2019இல் ஒருநாள் குசினி மேசையில் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. எழும்பிப் போய்த் திரும்புவதற்குள் பேணி கீழே. முட்கள் வைத்திருந்த சின்னக் கடதாசிப் பெட்டி திறந்து, நிலமெல்லாம் முள். பதினாலாம் நம்பர் முள் ஒரு நெல் அளவுதான் இருக்கும். பொறுக்கினேன், காந்தம் வைத்துத் தடவினேன், எல்லாம் எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்தநாள் காலமை சின்னவளின் குதிக்காலில் ஒன்று ஏறியது. அவளுக்கு அப்போது மூன்று வயது.

எதிர்முள் இல்லாத தூண்டில் என்றபடியால் வந்த வழியாலேயே உருவ முடிந்தது. சுவிஸ் சட்டம் மீனுக்காகப் போட்டது என் பிள்ளையின் காலையும் காப்பாற்றியது. எதிர்முள் இருந்திருந்தால் டொக்ரரிடம் போய் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு மனுசி என்னோடு கதைக்கவில்லை. அதற்கு அடுத்தநாளும்.

ஆக முதல் பாடம்: முள் இரண்டு மூடிக்குள் இருக்க வேண்டும். திருகுமூடி உள்ள சின்னக் குப்பிக்குள் முள், அந்தக் குப்பி பூட்டுகிற பெட்டிக்குள். ஒரு மூடி மறந்தாலும் மற்றது இருக்கும்.

இரண்டாவது பெட்டி, பழைய சாமான் விற்கும் 'புரொக்கி' கடையில் எடுத்தது. அந்தக் காலத்து டொக்ரர்மார் கொண்டு திரியும் தோல்பை. பதினைந்து பிராங். உள்ளே பச்சைநிறக் கம்பளி ஒட்டி, சின்னச் சின்ன அறைகள். பார்க்க அவ்வளவு வடிவு. பின்னேரம் ரெயினில் கொண்டு போகும்போது என்னைப் பார்த்து எவனாவது டொக்ரர் என்று நினைத்திருப்பான் என்று ஒரு சந்தோசமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வீட்டில் அதை வைக்க ஒரு இடம்தான் இருந்தது: படுக்கை அறை அலுமாரியின் கீழ்த்தட்டு. இரண்டரை அறை வீடு. நாலு பேர்.

2021 முழுக்க அது அங்கேயே இருந்தது. 2022 வசந்தத்தில் பையைத் திறந்தபோது சேவல் கழுத்துத் தோல் ஒன்றிலிருந்து இறகு கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. நூற்றுப்பத்து பிராங் கொடுத்து வாங்கியது. அடியில் மண் மாதிரிப் பொடி. அரிசிப் புழு மாதிரி இரண்டு வெள்ளைப் புழு. அந்துப்பூச்சி. அலுமாரிக்குள் மங்கலான பொன்னிறத்தில் ஒரு சின்னப் பூச்சி பறந்ததை இரண்டு மூன்று தடவை கண்டும் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இந்தப் பூச்சியும் மேபிளை மாதிரித்தான், செட்டை முளைத்த பிறகு தின்னாது. தின்பதெல்லாம் புழு. இறகு, கம்பளி, உரோமம், பட்டு. வெளிச்சம் படாத, ஆள் கை படாத மடிப்புகளைத் தேடிப் போகும். இதையும் படித்திருக்கிறேன்.

பட்டு என்று நினைத்தவுடன் மேல்தட்டைப் பார்த்தேன்.

எங்கள் கலியாணம் 2013இல் திருச்சியில் நடந்தது. நான் அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. அதனால் மனுசி வீட்டாரும் என் அம்மாவும் அங்கே வந்தார்கள். கூறைச்சேலை அம்மா எடுத்தது. மூன்று கடை ஏறி இறங்கி, "இது நல்ல பாரம், இது நிண்டு பிடிக்கும்" என்று கையால் தூக்கிப் பார்த்து எடுத்தா. அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் பத்து நாள்தான். 2017இல் அவ செத்தபோது வைபரில்தான் பார்த்தேன்.

சேலையை விரித்தபோது ஏழு ஓட்டை. மூன்று, மடிப்பின் ஓரத்தில் வரிசையாக. நாலு, முந்தானையில்.

மனுசி கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கத்தவில்லை. விரலை ஒரு ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தா. பிறகு, "விலங்கியல் படிச்சனீங்கள் எண்டு சொன்னனீங்கள்" என்றா. அவ்வளவுதான். அண்டைக்கு இரவு நான் அந்தத் தோல்பையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். உள்ளே இருந்த பச்சைக் கம்பளிக்குள்தான் முட்டை வந்திருக்க வேண்டும். பையைத் தட்டிப் பார்க்காமல், ஒருநாள் வெயிலில்கூட வைக்காமல் அலுமாரிக்குள் கொண்டுவந்து வைத்தவன் நான்.

இரண்டாவது பாடம் நீளமானது. இறகு வைக்கும் பெட்டிக்குள் கம்பளியோ, வெல்வெற்றோ, தைத்த துணி உள்ளறையோ இருக்கக்கூடாது. மரப்பெட்டியின் பொருத்துகளுக்குள்ளும் முட்டை தங்கும். காற்றுப் போகாத, துடைத்துக் கழுவக்கூடிய பெட்டிதான் பாதுகாப்பு. புது இறகு எது வந்தாலும், கடையில் வாங்கினாலும், பையில் இறுக்கக் கட்டிப் பிறீசரில் பதினெட்டு பாகைக் குளிரில் இரண்டு கிழமை வைத்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அந்துருண்டை போடலாமே என்று கேட்பீர்கள். அந்த மணம் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கூடாது. அதோடு நப்தலின் சிலவகைக் கண்ணாடிப் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். முள் போடும் மலிவான பெட்டிகள் அந்தப் பிளாஸ்ரிக்தான்.

பிறீசரில் வை என்று சொல்வது லேசு. ரெஸ்ரோரன்டில் ஆள் நிற்கக்கூடிய பிறீசர் இருக்கிறது. ஒரு மூலையில் ஒரு பையை வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. வைக்கவில்லை. சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் புழுப் பிடித்த இறகு வைப்பவன் குசினியில் நிற்கத் தகுதியில்லாதவன். வீட்டுப் பிறீசரில் ஒடியல் மா, முருங்கை இலை, துருவின தேங்காய்ப்பூ, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கருவாடு. மனுசி ஒரு தட்டை வெறுமையாக்கித் தந்தா. முதல் இரண்டு கிழமை கூறைச்சேலை. அதற்குப் பிறகுதான் இறகு. அந்த வரிசையில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

"இனி உந்தச் செட்டை, மயிர் எல்லாம் அலுமாரிக்குள்ள வரக்கூடாது" என்றும் சொல்லிவிட்டா. அதற்குப் பிறகு என் சாமான் நிலவறையில். அங்கே கட்ட முடியாது. அப்போதுதான் கொண்டு திரிகிற பெட்டி என்பது உண்மையிலேயே தேவையாக வந்தது.

மூன்றாவதை மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கினேன். ஈ கட்டுபவர்களுக்கென்றே செய்த நைலோன் பை. நூற்றுநாற்பது பிராங். பதினொரு அறை, எல்லாவற்றுக்கும் சிப், வலைத்துணிப் பக்கங்கள், தோள்பட்டி. பிழையான பை என்று சொல்லமாட்டேன். கார் வைத்திருக்கிறவருக்கு, ஒரு கிழமை ஹோட்டலில் தங்கி மீன்பிடிக்கிறவருக்கு அது சரி. நான் சைக்கிளில் போகிறவன். பதினொரு அறை இருந்தால் பதினொன்றையும் நிரப்பத்தான் மனம் சொல்லும். நிறுத்துப் பார்த்தேன், ஆறு கிலோ. அதில் ஒன்றரைக் கிலோ வைசின் இரும்புத் தட்டுக்கால். பக்கம் மெத்தென்று இருப்பதால் மற்றச் சாமானோடு நெருக்கியபோது இறகெல்லாம் வளைந்தது. கத்தரிக்கோல் எந்த அறையில் என்று தேடியே சிம்மர்ஷ்ருண்டவின் கால்வாசி போய்விடும். அதை அறுபது பிராங்குக்கு விற்றேன்.

2023இல் கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். விரல் மூட்டெல்லாம் வீங்கி, நூல் பிடிக்க ஏலாது. ஆற்றுக்கும் போக முடியாது. ஆனால் ஈ கட்டுவதைப் பார்க்க ஆசை. அவருடைய இல்லம் எங்கள் ரெஸ்ரோரன்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிசம். செவ்வாய்க்கிழமை சிம்மர்ஷ்ருண்டவுக்கு அங்கே போகலாம் என்று நினைத்தேன். முதல்நாள் போனபோது தாதி பையைத் திறந்து பார்த்துவிட்டு மறித்தா. மறதி நோய் உள்ளவர்களும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள்; கையில் கிடைத்ததை வாயில் போடுவார்கள். கூரான முள், கத்தரிக்கோல், வார்னிஷ் மணம். அவ சொன்னது முழுக்க நியாயம். என் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. "பூட்டுகிற பெட்டி, மணம் இல்லை, கொண்டு வந்தது எல்லாம் திரும்பப் போகவேண்டும்" என்று மூன்று நிபந்தனை சொன்னா.

அன்றைக்குக் கிழவர் கேட்டார், "இவ்வளவு சாமான் உனக்கு எதற்கு? என்ன ஈ கட்டப் போகிறாய்?" என்னிடம் பதில் இல்லை. பெட்டியை முதலில் வாங்கி, பிறகு அதற்குச் சாமான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் இங்கிலாந்தில் இருந்த பிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலாளியைப் பற்றிச் சொன்னார். ஏவன் ஆற்றில் வேலை செய்தவர். அவருடைய பெயர்போன பெசன்ற் வால் ஈக்கு நூல்கூட இல்லை. மெல்லிய செப்புக் கம்பியும் பெசன்ற் வால் இறகும் மட்டும். கம்பியே நூல், கம்பியே பாரம். இரண்டு சாமானில் கட்டிய அந்த ஈயை உலகம் முழுக்க இன்றைக்கும் பாவிக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும்போது அம்மாவை நினைத்தேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்தில் இருந்து எல்லாரும் வெளிக்கிட்ட இரவு. எனக்குப் பதினொரு வயது. அம்மா ஒரேயொரு பைதான் அடுக்கினா. அடியில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும், பொலித்தீன் சுற்றி. நடுவில் உடுப்பு. மேலே ரோச் லைற், தண்ணீர்ப் போத்தல், ஒரு பிஸ்கற் பைக்கற். மழை இருட்டுக்குள், சனத்துக்கு நடுவில் நாவற்குழிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்டதும் பார்க்காமலே கைவிட்டு பிஸ்கற்றை எடுத்துத் தந்தா. எங்கே போகிறோம், வழியில் என்ன வேண்டும், எது முதல் வேண்டும் என்று யோசித்து அடுக்கிய பை. ரெஸ்ரோரன்டில் எனக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். சேவிஸ் தொடங்க முதல், கை எட்டுகிற இடத்தில், எடுக்கிற ஒழுங்கில் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பேரிடம் படித்தும் எனக்கு உறைக்க இவ்வளவு காலம்.

ஆகவே இப்போது என்னிடம் இருப்பது இதுதான். மூன்று ஈ மட்டும் என்று தீர்மானித்தேன்: பெசன்ற் வால், முயல் காது, வாத்து இறகு. அதற்குத் தேவையானது மட்டும். கருவிகளுக்கு, சமையல்காரர் கத்தி சுருட்டுகிற துணி. எங்கள் செஃப் புதிது வாங்கியபோது பழையதைத் தந்தார். பருத்தித் துணி, வெந்நீரில் தோய்க்கலாம். விரித்தால் மேசையில் கருவிகள் எடுக்கிற ஒழுங்கிலேயே கிடக்கும். ஒரு இடம் வெறுமையாக இருந்தால் ஏதோ காணவில்லை என்று உடனே தெரியும். இறகுக்கும் மயிருக்கும், நாலு பக்கமும் கொழுவிப் பூட்டுகிற, மூடியில் சிலிக்கோன் வளையம் உள்ள சாப்பாட்டுப் பெட்டி. பத்துப் பன்னிரண்டு பிராங். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். புழு வந்தால் திறக்காமலே காணலாம். பெசன்ற் வால் இறகு மடியாமல் கிடக்கும் நீளம் பார்த்து வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் உங்கள் ஆக நீளமான இறகைக் கடைக்கே கொண்டுபோங்கள். முட்கள் திருகுமூடிக் குப்பிகளில். வைசுக்குத் தட்டுக்கால் இல்லை, மேசை விளிம்பில் இறுக்கும் கிளம்ப். போகிற இடத்து மேசைப் பலகையின் தடிப்பை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். சில மேசைக்குக் கிளம்பின் வாய் காணாது. வார்னிஷ் இல்லை. கடைசி முடிச்சை இரண்டு தரம் போட்டால் எனக்குப் போதும். இவை எல்லாம் சேர்ந்து, வேலைத்தளத்துக்காரர் கொண்டு திரியும் பூட்டுப் போடக்கூடிய கடினமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள். இரண்டரைக் கிலோ. மொத்தச் செலவு ஐம்பது பிராங் வராது.

இல்லத்துக்குப் போனால் முதலில் தாதியின் முன்னால் முள்ளை எண்ணுவேன். பன்னிரண்டு. வெளிக்கிடும்போது கட்டிய ஈயும் மிச்ச முள்ளும் சேர்த்துப் பன்னிரண்டு வரவேண்டும். முதல் மாதம் அவவும் சேர்ந்து எண்ணினா. இப்போது கிழவர் எண்ணுகிறார். விரலால் தொடாமல், கண்ணால். கட்டும்போது "இறுக்கு, இன்னும் இறுக்கு" என்பார். சில நாள் நித்திரையாகிவிடுவார். போன கோடையில் ஒருநாள், அவர் பார்த்துக்கொண்டிருக்கக் கட்டிய முயல் காது ஈயில் ஒரு நல்ல மீன் வந்தது. ரெலிபோனில் படம் காட்டினேன். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தோம் என்று சொன்னபோது மூஞ்சையைச் சுளித்தார். "ஆத்து மீன் மண் மணக்குது" என்று என் மனுசி சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கூறைச்சேலையை இங்கே தைக்கிற ஒரு அக்காவிடம் கொடுத்தோம். மடிப்போரத்து மூன்றையும் அதே சேலையின் உள்பக்கத் துண்டு வைத்துத் தைத்துவிட்டா. முந்தானை நாலும் கிட்டப் பார்த்தால் தெரியும். மனுசி அதைப் பிறகு இன்னும் உடுக்கவில்லை.

நான் அந்தக் கொழுவிப் பூட்டும் பெட்டி வாங்கிக் கொண்டுவந்த அன்றைக்கு மனுசி மூடியை நாலைந்து தரம் திறந்து பூட்டிப் பார்த்தா. "உது காத்துப் போகாதோ?" என்று கேட்டா. போகாது என்றேன். "உதில பெரிசு இருக்கோ?" என்றா. அடுத்த சனிக்கிழமை போய்ப் பெரிது ஒன்று வாங்கி வந்தேன். கூறைச்சேலை இப்போது அதற்குள், வெள்ளைத் துணி சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வருசத்துக்கு இரண்டு தரம் எடுத்து உதறி மடிப்பை மாற்றி வைப்பது என் வேலை.

நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். முதலில் உங்கள் மூன்று ஈ எது என்று சொல்லுங்கள் அண்ணை, பிறகு பெட்டியைப் பற்றிக் கதைப்பம். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கோ.